ஓம்ஸ் அண்ணாச்சியும் ஒற்றை ஸ்பீக்கரும்

கோவில்பட்டி வட்டாரத்தில் பாட்டுப் போட்டு ஓடும் வண்டிகளில் பாதி, ஓம்ஸ் அண்ணாச்சியிடம் திட்டு வாங்கியவை. மீதிப் பாதி, நடுவழியில் பாட்டு நின்றுபோனவை. நான் இரண்டு பாதியிலும் இருந்திருக்கிறேன்.

வண்டிகளுக்கு சவுண்ட் செட் மாட்டுவது அவர் தொழில். மாட்ட மறுப்பதுதான் முழுநேர வேலை. யார் போனாலும் முதல் கேள்வி, “எத்தனை ஓம்ஸ்?” ஸ்பீக்கரின் மின்தடையைத்தான் கேட்கிறார். அதற்குப் பதில் தெரியாதவர்களை உட்காரக்கூடச் சொல்லமாட்டார்.

நான் வேன் ஓட்டுகிறவன். சவாரி பேசுகிறவர்கள் பிரேக் பிடிக்குமா என்று கேட்பதில்லை. பேஸ் அதிருமா என்றுதான் கேட்கிறார்கள். வேனில் இருந்த பழைய ஆம்ப்ளிஃபயருக்கு பேஸுக்கென்று இரண்டு சப் ஊஃபர் ஸ்பீக்கர் வாங்கிக்கொண்டு அண்ணாச்சியிடம் போனேன். மீட்டரை வைத்துப் பார்த்தார். முகம் சுருங்கியது.

“ஒவ்வொண்ணும் நாலு ஓம்ஸ். ஜோடியாச் சேத்துக் கட்டுனா ரெண்டா கொறஞ்சிரும், கரண்டக் கூட இழுக்கும். ஒன்னோட ஆம்ப்ளிஃபயரு நாலுக்குக் கீழ தாங்காது தம்பி. ஒண்ணு மட்டும் மாட்டுதேன்.”

இன்னொன்றை என்ன செய்ய என்று கேட்டேன். வீட்டில் போட்டு அதன்மேல் உட்காரச் சொன்னார். எரிச்சலில் வேறு கடைக்குப் போய் இரண்டையும் மாட்டிக்கொண்டேன்.

மறுவாரம் புதியம்புத்தூருக்கு மறுவீட்டு விருந்துச் சவாரி. எட்டயபுரம் வருவதற்குள் ஆம்ப்ளிஃபயரில் சிவப்பு விளக்கு எரிந்து, பாட்டு நின்றுவிட்டது. மாப்பிள்ளையின் கூட்டாளிகள் இறங்கி, வேறு வேன் பேசப் போவதாகச் சொன்னார்கள். எனக்கு வெயில், பசி, தலைவலி. சண்டை போடக்கூடத் தெம்பில்லை. அண்ணாச்சிக்கு போன் செய்து, நிற்கும் இடத்தைச் சொன்னேன்.

“அங்கனயே கெட,” என்று வைத்துவிட்டார்.

முக்கால் மணி நேரத்தில் பஸ்ஸிலிருந்து மீட்டரோடு இறங்கினார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஆம்ப்ளிஃபயரைத் தொட்டு, கையை உதறிக்கொண்டார். நான் எதிர்பார்த்த திட்டு வரவில்லை. அதுதான் இன்னும் சங்கடமாக இருந்தது. ஆறவிட்டு, ஒரு ஸ்பீக்கரைக் கழற்றினார். மற்றது பாடியபோது பேஸ் முன்னைவிடச் சுத்தமாக இருந்தது. கூட்டாளிகள் சமாதானமாகி ஏறிக்கொண்டார்கள்.

அண்ணாச்சியும் ஏறினார். “சூடு ஏறுதான்னு பாக்கணும். நானும் வாரேன்.”

கழற்றிய ஸ்பீக்கர் பெட்டியை வைக்க வேனில் இடமில்லை. என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து அதை மடியில் வைத்துக்கொண்டார். இரண்டு கிலோமீட்டர் வரை ஓம்ஸ் கணக்குச் சொன்னார். பிறகு பெட்டிமேல் கன்னத்தை வைத்து, வாயைத் திறந்தபடி தூங்கிப்போனார்.

பின்னாலிருந்து மாப்பிள்ளை சவுண்டைக் கூட்டச் சொன்னார். நான் குறைத்தேன்.