எழுபத்தெட்டு மில்லிமீட்டர்

மண்ணூர்,
7-2-1991, வியாழன் இரவு

அன்புள்ள ஜோயல் மாமாவுக்கு,

ஷாரோன் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன், இதை யாருக்கும் காட்டாதீர்கள். படித்ததும் அடுப்பில் போடுங்கள். நாங்கள் எல்லோரும் நலம். அப்பாவும் நலம்தான் என்று நினைக்கிறேன். ஆனால் அப்படி நினைப்பது இந்த வீட்டில் நான் ஒருத்திதான். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

போன சனிக்கிழமை உங்கள் லேபில் அப்பாவின் ரத்தத்தை நீண்ட கண்ணாடிக் குழாயில் ஏற்றி, ஸ்டாண்டில் நிற்க வைத்துவிட்டு என்னிடம் என்ன சொன்னீர்கள்? "பத்து மணிக்கு நிக்க வெச்சிருக்கேன். கரெக்டா பதினோரு மணிக்கு செவப்பு எவ்ளோ எறங்கிக்கீதுன்னு பாத்து, அந்த நம்பரை எழுதி வெய்யி. நான் சிங்கப்பெருமாள் கோவில் வரைக்கும் போய்ட்டு வந்துர்றேன். உங்க அம்மாகிட்ட மூச்சு வுடாத" என்றீர்கள். நீங்கள் ஜாஸ்மின் அக்காவைப் பார்க்கப் போனதை நான் இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை. அப்பாவோ ரத்தம் கொடுத்த கையோடு முடிவெட்டப் போய்விட்டார். நான் தனியாகக் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தேன் மாமா. சத்தியமாகப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே இருந்தால் யாருக்கும் தூக்கம் வரும். கண் விழித்தபோது மணி ஒன்றே முக்கால். சிவப்பு எழுபத்தெட்டுக்கு இறங்கியிருந்தது. பயத்தில், ஒரு மணி நேரத்தில் இறங்கியது என்று அதையே எழுதி வைத்துவிட்டேன்.

அந்தச் சீட்டை டாக்டர் உதயசூரியன் பார்த்துவிட்டு, அப்பாவிடம் "உடம்புக்குள்ள எங்கேயோ அழற்சி இருக்குன்னு காட்டுது. சர்க்கரைக்காரருக்கு அட்டாக் வந்து மூணு வாரத்துல இது இவ்வளவு ஏறியிருந்தா கவலையான விஷயம்தான். அடுத்தது வந்தா தாங்கறது கஷ்டம்" என்றார். மறுபடியும் ஒருமுறை டெஸ்ட் எடுத்துப் பார்க்கலாம் என்றும் சொன்னார். அதற்குள் அப்பா தெருவுக்கு வந்துவிட்டார். ஏற்கெனவே பொங்கலன்று வந்த அட்டாக்கில் அவருக்கு மனக்குறை. வலியே இல்லாமல் வெறும் வியர்வையோடு வந்து போனதால் ஷிப்டில் யாரும் நம்பவில்லையாம். இப்போது கையில் நம்பர் இருக்கிறது. பஸ் ஸ்டாப்பில் நின்றவர்களிடமெல்லாம் "எழுவத்தெட்டு" என்று காட்டிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தார்.

அன்றிலிருந்து அப்பா சாகத் தயாராகிறார். கைக்கடிகாரத்தைத் தம்பிக்குக் கொடுத்தார். சைக்கிளைப் பெரியப்பாவுக்குக் கொடுத்தார். மறுநாள் அதே சைக்கிளை இரவல் வாங்கி, சுவரில் மாட்ட போட்டோ எடுக்க ஸ்ரீபெரும்புதூர் வரை மிதித்துப்போய் மிதித்தே திரும்பினார். அப்போதுகூட மூச்சு வாங்கவில்லை மாமா, நான் கவனித்தேன். குன்றத்தூரிலிருந்து உறவுக்காரர்கள் ஆளுக்கொரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து அழுகிறார்கள். சர்க்கரைக்காரர் சாப்பிடக் கூடாது என்பதால் அவ்வளவையும் நானும் தம்பியும் தின்று, தம்பிக்கு இரண்டு நாளாக வயிறு சரியில்லை. இது போதாதென்று அப்பா பக்கத்து வீட்டு முனிரத்தினம் மாமாவைக் கூப்பிட்டு, ஏழு வருஷத்துக்கு முன்னால் காணாமல் போன அவருடைய சேவலைக் குழம்பு வைத்தது தான்தான் என்று பாவமன்னிப்புக் கேட்டார். அவர் அப்பாவைக் கட்டிப்பிடித்து, "போற நேரத்துல சேவல் இன்னாடா நாகப்பா, நீ நிம்மதியா போ" என்று தேம்பினார். ஆனால் அவர் மனைவி செங்கமலம் அத்தை சும்மா விடவில்லை. "நீ நிம்மதியா பூடுவ! எங்க மாமியாதான் அத வித்துட்டாங்கன்னு ஏழு வருசமா அந்தம்மாகிட்ட நான் பேசவேயில்ல. இப்ப நான் எந்த மூஞ்சிய வெச்சிகினு பேசறது?" என்று வாசலில் உட்கார்ந்துவிட்டார்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். நேற்று அப்பா என்னைக் கூப்பிட்டு, "நீ இங்கிலீஷ் படிக்கிற பொண்ணு. நான் வேலைய வுடறேன்னு கம்பெனிக்கு ஒரு லெட்டர் எழுது. சாவற வரைக்கும் வூட்ல இருக்கணும்" என்றார். ஒன்பதாம் வகுப்பில் லீவு லெட்டர் மட்டும்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அதனால் காய்ச்சல் காரணமாக எனக்கு என்றென்றைக்கும் லீவு தரும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன் என்று எழுதினேன். அப்பா கையெழுத்துப் போட்டுவிட்டார். திங்கட்கிழமை முதல் ஷிப்ட் பஸ்ஸில் ஏறி சூப்பர்வைசரிடம் தானே கொடுக்கப் போகிறார். கொடுத்துவிட்டால் வேலை போய்விடும் மாமா. என் தூக்கத்தால் போய்விடும்.

உண்மையைச் சொல்ல மூன்று முறை வாயைத் திறந்தேன். மூன்று முறையும் யாராவது வாழைப்பழத்தோடு வந்தார்கள். அதனால் நீங்கள் சனிக்கிழமை கட்டாயம் வந்து மறுபடி ரத்தம் எடுங்கள். ஒரு மணி நேரமும் நீங்களே பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். சரியான நம்பரை டாக்டரிடமும் அப்பாவிடமும் சொல்லுங்கள். நான் தூங்கியதை மட்டும் சொல்லாதீர்கள். உங்கள் லேபைப் பெருக்கக் காலையில் முதல் பஸ்ஸில் அங்கே வரும் சின்னப்பொண்ணு அக்காவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அவருக்குப் படிக்கத் தெரியாது.

கர்த்தர் உங்களையும் ஜாஸ்மின் அக்காவையும் சேர்த்தே ஆசீர்வதிப்பாராக.

இப்படிக்கு,
உங்கள் அக்கா கிளியம்மாள் மகள்
ஷாரோன்

பி.கு.: மாமா, மேலே எழுதியதை அப்படியே செய்துவிடாதீர்கள். இப்போதுதான் யோசித்தேன். ஐந்து நாளாக அப்பா பீடி தொடவில்லை. மாத்திரையைத் தானே கேட்டு வாங்கிப் போடுகிறார். டீயில் சர்க்கரை இல்லையென்று டம்ளரை வீசவில்லை. நேற்று அம்மாவிடம் "நீ துன்னியா கிளி?" என்று கேட்டார். அம்மா பயந்துபோய், அப்பாவுக்கு நோய் இன்னும் அதிகமாகிவிட்டதாக என்னிடம் ஜாடை காட்டினார். நம்பர் ஒரேயடியாக இறங்கிவிட்டது என்று தெரிந்தால் அன்று சாயந்திரமே மிட்டாய்க் கடையில் நிற்பார். டாக்டரிடம் உண்மையான நம்பரையே கொடுங்கள். அப்பாவிடம் மட்டும் வேறு ஒன்று சொல்லுங்கள். வேலையை விடாத அளவுக்குக் குறைவாகவும், ஜாங்கிரியைத் தொடாத அளவுக்கு அதிகமாகவும் இருக்க வேண்டும். அது எத்தனை மில்லிமீட்டர் என்று உங்களுக்குத்தான் தெரியும். ஐம்பது என்றால் ரொம்பப் பயந்துவிடுவார். முப்பது என்றால்

கதவைத் தட்டுகிறார்கள். அப்பாதான். "ஷாரோனு, இன்னும் முழிச்சிகினா கீற? அந்த லெட்டர்ல இன்னும் ஒரு வரி சேக்கணும், கதவத் தொற" என்கிறார். மாமா, நாற்பத்திரண்டு. நாற்பத்திரண்டு என்றே சொல்லு