பரவசத்தில் ஆழ்ந்த மாமனார்

அச்சில் வந்த எதையும் அப்படியே நம்பிவிடும் வியாதி எனக்கு உண்டு. தாள் பழுப்பேறியிருந்தால் கேட்கவே வேண்டாம், கண்ணில் ஒற்றிக்கொள்வேன். இந்த வியாதியால் என் கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது.

மாலதியின் அப்பா ஓய்வுபெற்ற தமிழாசிரியர். எங்கள் காதலுக்குச் சம்மதம் சொல்லாமல் இழுத்தடித்துக்கொண்டிருந்தார். "அப்பாவுக்கு உங்க வேலை, வீடு எதுவும் முக்கியமில்ல. தமிழ் தெரிஞ்ச மாப்பிள்ளைன்னா உடனே ஓகேலா" என்றாள் மாலதி. அந்த நேரம் பார்த்து, தேக்கா பக்கம் ஒரு சமூக மன்றத்தில் பேச அழைப்பு வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே வெளிவந்த ஒரு தமிழ்ப் பத்திரிகையில் நாடகமும் சொற்பொழிவும் என்பது தலைப்பு. (பேச வேண்டியவருக்குக் காய்ச்சல். என்னைக் கூப்பிட வேறு காரணமே இல்லை.) மாலதி பாசிர் ரிஸ்ஸிலிருந்து அப்பாவைக் கூட்டிவந்து முன்வரிசையில் உட்கார வைத்துவிட்டாள்.

நூலகத்தில் அந்தப் பழைய பத்திரிகையின் நுண்படச் சுருளை (மைக்ரோஃபிலிம்) சுற்றிச் சுற்றிக் கழுத்து பிடித்துக்கொண்ட வேதனையையெல்லாம் குரலில் ஏற்றி ஆரம்பித்தேன். முதலில் ஒரு நாடக விமர்சனம். ராஜா வேஷக்காரர் பாட்டெடுத்ததும் தெருநாய்கள் கூடிவந்து சேர்ந்து பாடினவாம். "இசைக்கு மயங்காத உயிர் உண்டா!" என்று உருகினேன். கூட்டம் சிரித்தது. ரசிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்து ஒரு சொற்பொழிவுச் செய்தி. பிரசங்கியார் பேசப் பேசச் சபையோர் கண்மூடிப் பரவசத்தில் ஆழ்ந்தார்களாம். விளக்குகூட அவரிடம் தோற்று அணைந்துவிட்டதாம்.

"அதுதான் அறிவுத்தாகம்! நாம் என்ன செய்கிறோம்? கைபேசியைத் தடவுகிறோம்!" என்று சபையைத் திட்டவே ஆரம்பித்துவிட்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். திட்டி முடித்துப் பார்த்தால், முன்வரிசையில் மாலதியின் அப்பா கண்களை மூடி, தலையை லேசாகச் சாய்த்து உட்கார்ந்திருக்கிறார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

"இதோ, இந்தப் பெரியவரைப் பாருங்கள்! அதே பரவசம்!"

சிரிப்பில் மன்றமே அதிர்ந்தது. அவர் திடுக்கிட்டு விழித்தார். மாலதி துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டாள்.

கேள்வி நேரத்தில் அவரே மைக்கை வாங்கினார். "தம்பி, அந்தப் பத்திரிகைக்காரர் கிண்டல் பண்ணியிருக்காரு. பேச்சு அறுவை, எல்லாரும் தூங்கிட்டாங்கன்னு அர்த்தம்."

என் வாய் சும்மா இருக்குமா? "அப்போ... நீங்க, அங்கிள்?"

"செய்தி வரைக்கும் முழிச்சுத்தான் இருந்தேன். உங்க விளக்கத்துலதான் தூங்கிட்டேன்."

கடைசியில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அதைத் தலையோடு இழுத்து மூடிக்கொள்ளலாம் போலிருந்தது. பீஹூன் நூடுல்ஸ் தட்டோடு மூலையில் ஒதுங்கி நின்ற என்னிடம் அவர் வந்தார். என் கிளாஸில் இருந்திருந்தால் ஃபெயில்தான் என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"ஆனா ஒண்ணு. அந்தப் பத்திரிகையையே இவ்வளவு நம்புறீங்க. என் பொண்ணு சொல்றதையும் நம்புவீங்க. சனிக்கிழமை உங்க அம்மா அப்பாவோட வீட்டுக்கு வாங்க."

அன்றிலிருந்து மாலதி சொல்வதையெல்லாம் நம்பித்தான் வாழ்கிறேன். (வேறு வழி?)

போன மாதம் என் மகள் பள்ளிப் பேச்சுப்போட்டிக்கு வீட்டில் ஒத்திகை பார்த்தாள். பாதியில் என் மாமனார் கண்ணை மூடினார். அவள் பேச்சை நிறுத்தினாள்.

"தாத்தா, பரவசமா, தூக்கமா? இப்பவே சொல்லிடுங்க. நான் அப்பா மாதிரி ஏமாற மாட்டேன்."