நைனாவின் பித்தப்பையும் என் தீசிஸும்

ஒரு விஷயத்தை அரைகுறையாகப் படித்தவர்கள் வீட்டுக்கு வந்தால் முதல் வேலையாக எல்லோரையும் உட்காரவைத்துப் பாடம் எடுப்பார்கள். முழுசாகப் படித்தவர்கள் வாயை மூடிக்கொண்டு இட்லி சாப்பிடுவார்கள். நான் அப்போது சர்ஜரி மேல்படிப்பில் இருந்தேன். (இட்லி சாப்பிடும் கட்டம் இன்னும் வரல.)

டூட்டி நேரம் நீண்டுகொண்டே போனால் பயிற்சி டாக்டர்களின் கை லேப்ராஸ்கோப்பியில் தடுமாறுமா என்பதுதான் என் தீசிஸ். லேப்ராஸ்கோப்பி என்றால் வயிற்றைப் பெரிதாகக் கிழிக்காமல், சின்னத் துளைகள் போட்டு, கேமராவை உள்ளே விட்டு, டிவியைப் பார்த்துக்கொண்டே செய்யும் ஆபரேஷன். என் பரிசோதனைக்கு ஒரு பெட்டி, அதற்குள் கொண்டைக்கடலை. நன்றாகத் தூங்கி எழுந்து ஒருமுறை, விடிய விடிய டூட்டி பார்த்துவிட்டு ஒருமுறை, ஒவ்வொரு டாக்டரும் நீளக் கருவியால் கடலையைக் கிண்ணம் மாற்ற வேண்டும். கீழே விழுவதை நான் குறித்துக்கொள்வேன். (டாக்டருக்குப் படிச்சி கடலை பொறுக்கினேன், அவ்ளோதான்.)

அந்தச் சமயத்தில்தான் நைனாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, பித்தப்பையில் கல். நைனா அரசு பஸ் டிரைவர். செஞ்சிக்கும் அனந்தபுரத்துக்கும் ஓட்டிக்கொண்டிருந்தார். ரிட்டயர் ஆகக் கொஞ்ச நாள்தான் பாக்கி. கடைசி நாளில் பஸ்ஸுக்கு மாலை போட்டு, குடும்பத்தை ஏற்றிக்கொண்டு கடைசி டிரிப்பை ஓட்டுவது டிரைவர்களின் வழக்கம். அதற்காக நைனா புதுச் சட்டைகூடத் தைத்து வைத்திருந்தார். துளை போட்டுச் செய்தால் சீக்கிரம் ஆறிவிடும், அந்த நாளுக்குள் ஸ்டியரிங்கைப் பிடித்துவிடலாம். எங்கள் காலேஜ் ஆஸ்பத்திரியிலேயே, என் தீசிஸ் கைடு சாரே செய்வதாக ஏற்பாடு. நான் லீவில் ஊருக்கு வரும்வரை எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

வந்தவள் சும்மா இருந்தேனா? செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டு, உள்ளே போனை வைத்து, டிவியில் படம் காட்டி, கடலையை எடுத்துப் போட ஆரம்பித்தேன்.

"இன்னா பாப்பா, கடலைக் கடை போடப் போறியா?" என்றார் நைனா.

"ஆராய்ச்சி நைனா. தூங்காத டாக்டர் கையில கடலை நிக்காது."

"தூங்காம கூடவா ஆபரேசன் பண்றாங்க?"

"அப்டிதான் நைனா நடக்குது. நீ நைட்டு டூட்டி பாத்துட்டு காலைல திரும்ப வண்டி எடுத்தா எப்டி இருக்கும்? அதே கதைதான்."

நைனா சிரிக்கவில்லை. "நான் எடுக்கவே மாட்டேனே. எடுன்னு சொன்னா சண்ட போடுவேன். ஏறி உக்கார்ற ஜனம் நம்மள நம்பி இல்ல உக்காருது."

"அதான் நைனா என் தீசிஸே," என்றேன், பட்டம் வாங்கிவிட்டவள் மாதிரி. கடலைப் பரிசோதனை பாதிகூட முடிந்திருக்கவில்லை.

"ஆபரேசனுக்குப் போற மனுசன்கிட்ட பேசற பேச்சாடி இது," என்றாள் அம்மா. (அம்மாவுக்கு ஆராய்ச்சி மனப்பான்மையே இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.)

ஆபரேஷன் அன்று காலை நைனா பச்சை அங்கியில் டிராலி மேல் படுத்திருந்தார். சார் சிவந்த கண்ணோடு வந்தார்.

"இன்னாங்க டிரைவர் சார், ரெடியா?"

நைனா அவர் கண்ணையே உற்றுப் பார்த்தார். "நைட்டு டூட்டிங்களா சார்?"

"ஆமாங்க, ஒரு அவசர கேஸு. முடியறப்ப விடிஞ்சிடுச்சு."

"தூங்குனீங்களா?"

"அதெல்லாம் பழக்கம்தாங்க."

"பழக்கம்னு சொல்றவன்தான் சார் வண்டிய பள்ளத்துல எறக்குவான். வேற டிரைவர் இருந்தா போடுங்க. இல்லன்னா நீங்க தூங்கி எழுந்திரிங்க, நான் இன்னொரு நாளு வரேன்."

சார் அசந்துபோனார். "யாருங்க உங்களுக்கு இதெல்லாம் சொன்னது?"

நைனா படுத்தபடியே பெருமையாக என் பக்கம் கையை நீட்டினார். "உங்ககிட்ட படிக்கிற நம்ம பாப்பாதான் சார். கடலை வச்சி காட்டுச்சி."

டிராலிக்கு அடியில் ஒரு ஆள் படுக்க இடம் இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை.

"தீசிஸ் நல்லா வேலை செய்யுதும்மா," என்று சொல்லிவிட்டு சார் போய்விட்டார்.

நைனா அம்மாவோடு செஞ்சி பஸ் ஏறினார். அந்த டிரைவர் அவருடைய சிநேகிதர், அன்றைக்கு டபுள் டூட்டி. அவரிடம் நைனா ஒரு கேள்வியும் கேட்கவில்லை என்று அம்மா போனில் சொன்னாள்.

அடுத்த நாளே நான் சாரிடம் வேறு தேதி கேட்டிருக்க வேண்டும். வெட்கம். அவர் வரும் வராந்தாவைத் தவிர்க்க, மாடி ஏறிச் சுற்றிப் போனேன். வலியே இல்லை என்று நைனா சொன்னார். அதை நம்புவது எனக்கும் வசதியாக இருந்தது.

பிறகு ஒரு கல்யாண பிரியாணிக்குப் பின் வலியும் ஜுரமும் சேர்ந்து வந்தன. சார் முதலில் துளை போட்டுத்தான் பார்த்தார். பித்தப்பை வீங்கி, சுற்றியிருந்த எல்லாவற்றோடும் ஒட்டிக்கிடந்ததாம். கிழித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. வெளியே வந்தவர் தன் விலாவுக்குக் கீழே விரலால் நீளமாக ஒரு கோடு இழுத்துக் காட்டினார்.

"நேத்து நல்லா தூங்கினேம்மா. அப்பாகிட்ட சொல்லிடு," என்றார். அவர் கிண்டல் செய்யவில்லை. செய்திருந்தால் தேவலை.

புண் ஆறவே இல்லை. ரிட்டயர் ஆகும் நாளும் வந்துவிட்டது. மாலை போட்ட பஸ்ஸை வேறு டிரைவர் ஓட்ட, நைனா புதுச் சட்டையோடு முன் சீட்டில் உட்கார்ந்தார்.

"இன்னாண்ணா, கடைசி டிரிப்ப நீ ஓட்டல?" என்று ஏறுகிறவர்கள் எல்லாம் கேட்டார்கள்.

நைனா சட்டையைத் தூக்கிக் காட்டினார். "நம்ம பாப்பா பண்ண ஆராய்ச்சி."

பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் ஒவ்வொரு நிறுத்தம் வரும்போதும் அவருடைய வலது கால் வெறும் தரையை அழுத்தியதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தது நான்தான்.

தீசிஸ் ஒருவழியாக முடிந்தது. ஆட்கள் போதாததால் உறுதியாக எதுவும் சொல்ல முடியவில்லை என்று எழுதிக் கொடுத்தேன். (நைனாவுக்கு இது தெரியாது. நீங்களும் சொல்லிடாதீங்க.)

இப்போதும் நான் லீவில் வந்து வெங்காயம் நறுக்கக் கத்தியை எடுத்தால் போதும், நைனா ஹாலிலிருந்து குரல் கொடுப்பார். "தூங்குனியா பாப்பா?"

அம்மா விழுந்து விழுந்து சிரிப்பாள். "தூங்கினேன் நைனா," என்பேன். டூட்டி முடிந்து நேராக பஸ் ஏறி வந்திருப்பேன்.