மேடத்தின் பலகையில் உப்புத்தாள் போட்டது குறித்து

அல் கோபார்,
17-11-1994, வியாழன் மாலை.

மரியாதைக்குரிய மச்சான் ஐயப்பன் அவர்களுக்கு, கார்மேகம் வணங்கி எழுதிக்கொண்டது. இங்கே உங்கள் மாப்பிள்ளையின் உடம்பு சௌகரியமாக இருக்கிறது, மனசுதான் சரியில்லை. அங்கே நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க முனீஸ்வரரை வேண்டிக்கொள்கிறேன். இந்தக் கடிதத்தை உங்கள் தங்கை சீதாலட்சுமிக்குப் படித்துக் காட்ட வேண்டாம். அவள் கேட்டால், டூட்டி அதிகம் என்று எழுதியிருப்பதாகச் சொல்லிவிடுங்கள். அது பொய்யும் இல்லை.

எங்கள் கம்பெனி பராமரிக்கிற குடியிருப்பில் ஹால்வர் என்று ஓர் அமெரிக்க இன்ஜினியர் இருக்கிறார். அவருடைய தாத்தா நார்வே தேசத்திலிருந்து கப்பலேறி அமெரிக்கா போய்க் குடியேறியவராம். அவர் மனைவி, நாங்கள் மேடம் என்று கூப்பிடுகிறவர், அந்த அமெரிக்காவின் பூர்வகுடி, ஒஜிப்வா என்று ஓர் இனம். இரண்டு பேர் வீட்டு ஆட்களும் தலைமுறை தலைமுறையாக மரத்தில் கைவேலை செய்கிறவர்கள் என்பதால், நான் தச்சன் என்று தெரிந்ததும் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். சார் தன் தாத்தா கத்தியாலேயே செதுக்கிய ஒரு மரக்கரண்டியைக் காட்டினார். முழுக்கக் கத்தித் தடம். நம் பட்டறையில் அப்படி ஒன்றைச் செய்து வைத்தால் நீங்கள் அடுப்பில் போட்டிருப்பீர்கள். “குடுங்க சார், அஞ்சு நிமிசத்துல தேச்சு வழவழன்னு ஆக்கித் தர்றேன்” என்றேன். அங்கே தோட்டவேலை பார்க்கும் நம்ம ஊர் வாசு அதை இங்கிலீஷில் சொன்னான். சார் சிரித்துக்கொண்டே கரண்டியை அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார். எனக்குச் சிரமம் கொடுக்கக் கூச்சப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று வாரத்துக்கு முன்னால் மேடம் ஒரு பலகையைக் கொடுத்தனுப்பினார். அவர்கள் இனத்தில் கைக்குழந்தையைத் துணியால் சுற்றிக் கட்டிவைக்கிற பலகை. தலைமாட்டில் வளைத்த மரப்பட்டை, கால்மாட்டில் சின்னத் தடுப்பு. மேடத்துக்கு இது நிறைமாதம். கப்பலில் வந்தபோது அந்தத் தடுப்பு ஆட்டம் கண்டுவிட்டது, அதை இறுக்கித் தர வேண்டும், அவ்வளவுதான். கூடவே இங்கிலீஷில் எழுதிய ஒரு துண்டுச்சீட்டும் கட்டியிருந்தது. கால்மணி நேர வேலை மச்சான். முடித்துவிட்டுத் தடவிப் பார்த்தால் பலகை முழுக்க மேடும் பள்ளமும். பச்சைப்பிள்ளை முதுகு படுகிற இடமாயிற்றே, மனசு கேட்கவில்லை. மூன்று நம்பர் உப்புத்தாள் மாற்றி மாற்றிப் போட்டுத் தேய்த்து, வார்னிஷும் இரண்டு கை கொடுத்தேன். அப்புறம் இன்னொரு குறை கண்ணில் பட்டது. ஆட்டுவதற்கு வழியே இல்லை. ஆட்டாமல் எந்தப் பிள்ளை தூங்கும்? நான்கு மூலையிலும் டிரில் போட்டுப் பித்தளை வளையம் மாட்டி, கயிறு கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தேன். அழகாகத்தான் ஆடியது.

கேம்ப் வாசலில் கடை வைத்திருக்கும் கீழக்கரை ஹபீப் முகம்மது பாயிடம் பெருமையாகக் கொண்டுபோய்க் காட்டினேன். பாய் அந்தச் சீட்டைக் கேட்டு வாங்கினார். அதன் பின்பக்கத்தில்தான் துளைக்கு அளவு குறித்திருந்தேன். திருப்பிப் படித்தார், இரண்டாம் தடவையும் படித்தார்.

“ஏம்ப்பா, இத யாருகிட்டயும் படிக்கக் குடுக்கலியா?”

“படிக்க என்ன பாய் இருக்கு? உடைஞ்சது கண்ணுக்குத் தெரியுதே.”

“கால் தடுப்ப மட்டும் சரிபண்ணச் சொல்லி எழுதிருக்கு. வேற எங்கயும் கை வைக்கக் கூடாதாம். அந்தம்மாவோட வாப்பா செதுக்குனதாம். பேரப்பிள்ளைக்குன்னு செஞ்சு முடிச்சு, அந்த மாசமே மவுத்தாயிட்டாராம். அந்தக் கத்தித் தடந்தான் அவரு கையின்னு எழுதிருக்கு.”

மச்சான், கை தெரியாத வேலைதான் நல்ல வேலை என்று இருபது வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தவன் நான். செத்துப்போன ஒரு மனிதரின் கையை நானே தேய்த்து அழித்துவிட்டேன். குப்பையில் கிடந்த தூளைக்கூட அள்ளிப் பார்த்தேன், அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

ஆனாலும் நான் ஒளிந்துகொள்ளவில்லை. போன வெள்ளிக்கிழமை குளித்துத் திருநீறு பூசி, பலகையைத் துணியில் சுற்றி எடுத்துப்போய் மேடம் முன்னால் வைத்து, “தப்பு என்னுது மேடம்” என்றேன். அவர் பலகையைத் தடவிப் பார்த்தார். கண்ணீர் பொலபொலவென்று வந்தது. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, என் அப்பா இருந்திருந்தால் உன்னை மன்னித்திருப்பார், நீயும் பிள்ளைக்காகத்தானே செய்தாய் என்றார். சார் என் தோளில் கை போட்டு, இந்த சவுதி முழுக்கத் தேடினாலும் இப்படி மனசுள்ள தச்சன் கிடைக்க மாட்டான் என்றார். டீயும் கேக்கும் கொடுத்தார்கள். ஆண்பிள்ளை பிறந்தால் என் பெயரையே வைக்கலாமா என்று இருவரும் யோசிப்பதாக வாசு சொன்னான்.

ஆகவே நீங்கள் ஒன்றுக்கும் கவலைப்பட வேண்டாம். பெரியவர்களுக்கு என் வணக்கத்தையும் சின்னவர்களுக்கு என் முத்தங்களையும் பாகுபாடில்லாமல் பகிர்ந்து கொடுக்கவும்.

தங்கள் சொல் தட்டாத மாப்பிள்ளை,
கார்மேகம்.

பின்குறிப்பு: மச்சான், போன வெள்ளிக்கிழமை நான் எங்கும் போகவில்லை. ரூமில் படுத்துக் கிடந்தேன். பலகை என் கட்டிலுக்கு அடியில்தான் இருக்கிறது. வாசு வந்து கேட்கும்போதெல்லாம் பசை காயவில்லை என்று சொல்லி அனுப்புகிறேன். இந்த ஊர்க் காற்றில் மூன்று வாரம் காயாத பசை கிடையாது என்று அவனுக்கும் தெரியும். நேரில் சொல்ல வாய் வரவில்லை, எழுதிப் பார்த்தாலாவது வருமா என்றுதான் எழுதினேன். எழுத எழுத டீயும் கேக்கும் வந்துவிட்டன. பாயிடம் படித்துக் காட்டினேன். “நீ எழுதுன அம்மா நல்லாத்தான் அழுவுறாங்க, மன்னிக்கவும் செய்றாங்க. இருக்குற அம்மா என்ன செய்வாங்கன்னு போயிப் பாக்க வேணாமா?” என்றார். வாசு இப்போதுதான் வந்து போனான். மேடத்துக்கு இன்று காலை பெண்பிள்ளை பிறந்திருக்கிறது, பலகையைக் கேட்கிறாராம். நான் எடுத்துக்கொண்டு கிளம்புகிறேன். கடிதத்தைப் பாய் தபாலில் போட்டுவிடுவார். இது உங்களிடம் வந்து சேரப் பதினைந்து நாள் ஆகும். அதற்கு முன்னால் நானே ஊர் வந்து சேர்ந்துவிட்டால், அவர்கள் மன்னிக்கவில்லை என்று தெரிந்துகொள்ளுங்கள். சீதாலட்சுமியிடம் நானே சொல்லிக்கொள்கிறேன்.