ஏகாதசியும் அப்பாவின் கார்போஹைட்ரேட்டும்

மோதி பாக், புது தில்லி

மதிப்பிற்குரிய சேஷன் பெரியப்பாவுக்கு மானசாவின் அநேக நமஸ்காரங்கள். இங்கு அப்பா, அம்மா, நான் மூவரும் க்ஷேமம். திருச்சியில் தங்கள் க்ஷேமத்தையும் பெரியம்மாவின் க்ஷேமத்தையும் அறிய ஆவல். வாட்ஸ்ஆப்பில் எழுதினால் நீங்கள் அப்படியே குடும்ப குரூப்புக்கு ஃபார்வர்டு செய்துவிடுகிறீர்கள். அதனால்தான் தபால். இது உங்கள் தம்பியைப் பற்றிய புகார்.

அப்பாவால் இப்போது மூன்றாவது மாடி ஏற முடியவில்லை. எங்கள் குவார்ட்டர்ஸில் லிஃப்ட் கிடையாது. இரண்டாவது மாடிப் படியில் உட்கார்ந்து மூச்சு வாங்குகிறார். யாராவது வந்தால் ஷூ லேஸ் கட்டற மாதிரி குனிஞ்சுக்கறார். அவர் போட்டுக்கறது செருப்பு, பெரியப்பா. தொப்பை குறையலேன்னா அடுத்த செக்கப்ல மாத்திரைதான்னு டாக்டர் சொல்லிட்டார். அப்பா பயந்துட்டார், நானும்தான்.

அதனால நானே பொறுப்பு எடுத்துண்டேன். நான் பார்க்கற கோச் அண்ணா வீடியோ எல்லாம் எனக்கு மனப்பாடம். சாதம், சப்பாத்தி, உருளைக்கிழங்கு எல்லாம் கார்ப், அதை அடியோட விடவேண்டாம், உடம்புக்கு வேலை இருக்கற நாள்ல நன்னா சாப்பிடு, சும்மா இருக்கற நாள்ல குறைச்சுக்கோ, பருப்பு, பனீர், காய் ஏத்திக்கோன்னு சொல்வார். அம்மாகிட்ட சொன்னா, "உங்கப்பா உடம்புக்கு என்னிக்குடி வேலை இருந்தது?"ங்கறா. சரின்னு, குறைக்கற நாளை எல்லாம் ஏகாதசி, அமாவாசை, சஷ்டின்னு பஞ்சாங்கத்தோட சேர்த்துட்டேன். அன்னிக்கு ராத்திரி எப்படியும் சாதம் கிடையாதே. "அச்சா, இதாவது உருப்படியா இருக்கு"ன்னு அம்மா ஒத்துண்டா. அங்கதான் ஏமாந்தேன். ஏகாதசி அன்னிக்கு டேபிள்ல ரவா உப்புமா, ஜவ்வரிசி வடை, உருளைக்கிழங்கு வறுவல். கேட்டா, "சாதம் ஒரு பருக்கை இருக்கா, காட்டு"ங்கறா. அப்பா இன்னும் ரெண்டு வடை எடுத்துண்டு, "விரதத்தன்னிக்கு கோவிச்சுக்கப்படாதும்மா"ங்கறார்.

பலகாரத்துக்கும் தடை போட்டேன். அன்னிலேர்ந்து சாயங்காலம் ஆனா, "காத்து வாங்கிட்டு வரேன்"னு கிளம்பிடறார், வரச்சே மேலெல்லாம் தேங்காய் எண்ணெய் வாசனை. நேத்து பின்னாடியே போனேன். மூணு கிலோமீட்டர் தள்ளி இருக்கற ஐ.என்.ஏ. மார்க்கெட் வரைக்கும் நடந்தே போறார். ஆட்டோல போனா, ஸ்டாண்டுல இருக்கற ஆட்டோக்காரர் என்கிட்ட போட்டுக் குடுத்துடுவார்னு பயம். அங்க கேரளா கடைக்காரர், அப்பா கேக்காமலே நேந்திரங்காய் சிப்ஸ் பொட்டலத்தை நீட்டறார். என்னைப் பார்த்ததும் அப்பா, "வாழைக்காயும் காய்தானேம்மா? காய் ஏத்திக்கச் சொன்னது நீதானே"ன்னார்.

ஆகவே நீங்க உடனே போன் பண்ணி, சாயங்காலம் வீட்டை விட்டு நகரக்கூடாதுன்னு கண்டிச்சுச் சொல்லணும். உங்க ஒருத்தர்கிட்டதான் அவருக்குப் பயம். பெரியம்மாவுக்கும் என் நமஸ்காரம். இருந்த இடத்துலேர்ந்தே ரெண்டு பேரும் ஆசீர்வாதம் பண்ணுங்கோ.

இப்படிக்கு,
மானசா

பி.கு.: கவரை ஒட்டாமலே ஒரு மாசம் ஓடிடுத்து, அதுக்குள்ள செக்கப் வந்துடுத்து. அப்பாவுக்கு இடுப்பு சுருங்கியிருக்காம், மாத்திரை வேண்டாம்னுட்டார் டாக்டர். என்ன செஞ்சீங்கன்னு கேட்டதுக்கு, "எல்லாம் என் பொண்ணோட டயட்"னு அப்பா கண்ணே சிமிட்டாம சொன்னார். தயவுசெஞ்சு போன் பண்ணிடாதீங்க. வீட்டுக்கு வந்து விறுவிறுன்னு மாடி ஏறி, கதவைத் திறந்துட்டு, "எங்கேம்மா இருக்கே?"ன்னு மேலேர்ந்து குரல் குடுத்தார். நான் ரெண்டாவது மாடில ஷூ லேஸ் கட்டிண்டிருந்தேன்.