மரக்குடிலுக்கு மனைவியை அழைத்துப் போனவர்

மனைவிக்குக் காடு என்றாலே கசந்துபோகும்படி செய்துவிடுவது என்று மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் முடிவு செய்தார். சிநேகிதர்கள் மூன்று பேரோடு வருஷத்துக்கு நான்கு நாள் காட்டு முகாமில் சீட்டாட வேண்டும். பெண்வாடையே கூடாது. இவள் என்னடாவென்றால், "நானும் வர்றேன்" என்று நிற்கிறாள். ஒரே ஒரு தடவை கூட்டிப்போய் வதைத்துவிட்டால், ஆயுசுக்கும் அந்தப் பேச்சை எடுக்கமாட்டாள்.

முகாமுக்குப் போன் போட்டு, இருப்பதிலேயே மோசமான குடில் எது என்று கேட்டார். காவலாளி யோசிக்கவே இல்லை. "ஒண்ணு இருக்கு சார், வாங்க" என்றான்.

சொன்ன சொல் தவறவில்லை. மின்சாரம் கிடையாது. மெத்தை கிடையாது, சுவரோடு அடித்த பலகைதான் கட்டில். தண்ணீருக்கு முந்நூறு தப்படி தள்ளி அடிபம்பு. கழிப்பறை அதற்கும் அப்பால், மரங்களுக்கு நடுவே.

"ஐயோ பாவம், நீ எப்படித்தான் இங்க இருக்கப்போறியோ!" என்றார், வாயெல்லாம் பல்லாக.

"தள்ளுங்க, வழியில நிக்காதீங்க."

இரும்பு அடுப்பை மூட்டுகிறேன் என்று குனிந்தார். குடில் முழுக்கப் புகை. அவர் இருமிய இருமலில் கூரையிலிருந்த அணில் வீட்டைக் காலி செய்தது.

"புகைக்குழாய்ல ஒரு தகடு இருக்கும். திருப்புங்க" என்றாள்.

"எங்க?"

"இடப்பக்கம். கொஞ்சம் முரண்டு பிடிக்கும், தட்டித் திருப்பணும்."

தட்டினார். திருப்பினார். புகை நல்ல பிள்ளையாக மேலே போயிற்று.

"உனக்கெப்படித் தெரியும்?"

"அடுப்போட குணம் எனக்குத் தெரியாதா?"

ஜன்னலோரம் ஆணியில் ஒரு நோட்டுப் புத்தகம் தொங்கியது. தங்கிப்போகிறவர்கள் நாலு வரி எழுதிவைப்பது அங்கே வழக்கம். கண்ணைத் துடைத்துக்கொண்டு புரட்டியவர், கண்ணாடியையும் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். ஊரார் கண்ணையெல்லாம் சோதிக்கிறவருக்குத் தன் கண் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது.

அவள் கையெழுத்து! நான்கு வருஷத்துக்கு நான்கு பக்கம். 'அமைதியான இடம். தொந்தரவு செய்ய ஆளில்லை.' கீழே இன்னும் மூன்று பெயர்கள். மூன்றும் அவருடைய சீட்டாட்டச் சிநேகிதர்களின் மனைவிமார்!

"அடியே! இந்தத் தேதியிலெல்லாம் நீ ஆபீஸ் பயிற்சிக்குன்னுல்ல போன?"

"பயிற்சிதான். சும்மா உட்கார்ந்திருக்கிற பயிற்சி. வீட்ல நடக்கிற காரியமா அது?"

"நாலு வருஷமா என்னை ஏமாத்தியிருக்கியே!"

"நீங்க மட்டும்? என்னை சுகமா வெச்சுக்கவா இந்த ஓட்டைக் குடிலைத் தேடிப் பிடிச்சீங்க?"

அவர் நோட்டை ஆணியில் திரும்ப மாட்டினார். வெளியே வண்டிச் சத்தம். எட்டிப் பார்த்தார். வாய் ஆவென்று திறந்துகொண்டது. அந்த மூன்று மனைவிமாரும் மூட்டை முடிச்சோடு இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

"வந்துட்டீங்களாண்ணா! நல்லவேளை!" என்று ஒருத்தி வாளியை அவர் கையில் கொடுத்தாள். இன்னொருத்தி மறு கையில் கோடரியைக் கொடுத்தாள்.

பின்னாலேயே காவலாளி வந்து அவரை மேலும் கீழும் பார்த்தான். "அக்கா, தண்ணி தூக்க, விறகு பிளக்க ஒரு ஆளைக் கூட்டிட்டு வர்றேன்னு போன மாசம் சொன்னீங்களே, இவர்தானா?"

"இவரேதான்."

அவளை இங்கே கூட்டிவரும் யோசனை அவருக்கு உதித்ததே போன வாரம்தான்.