ஸ்வான் நானாவும் உப்புத் தண்ணீரும்

1. பலாபத்வலையில் எங்கள் ஆய்வுகூடத்துக்கு முன்னால், ஏ9 வீதியின் நடுவில், ஸ்வான் நானா சிவப்புத் துவாயோடு நின்றார்.
2. தம்புள்ளையிலிருந்து பூசணிக்காய் ஏற்றி வந்த லொறி நின்றது.
3. "அஞ்சு நிமிஷம் பொறுங்க, உள்ளுக்கு நரம்புக் கலம் ஈக்குது!" என்றார்.
4. டிரைவர் சிங்களத்தில் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

மாத்தளை மாவட்டத்தில் எதையும் மெதுவாகச் செய்யத் தெரியாத மனிதர் அவர் ஒருவர்தான். தேநீரை ஒரே மடக்கில் முடிப்பார். அவர் சலாம் சொன்னால் அலமாரிக் கண்ணாடிதான் முதலில் பதில் சொல்லும். கை, கால் நரம்புகளைச் சுற்றிப் போர்த்தியிருக்கும் ஸ்வான் கலங்களை வளர்ப்பது அவர் வேலை. 'ஸ்வான்' என்ற பட்டப்பெயரும் அங்கிருந்துதான் வந்தது; 'நானா' என்றால் அண்ணன்.

செரட்டோனின் என்ற நரம்பு இரசாயனம் பட்டால் அந்தக் கலங்களுக்குள் கல்சியம் ஏறும் என்பது அவர் கட்சி. கல்சியம் கூடினால் ஒளிரும் சாயத்தை முதலில் ஏற்றுவோம். பிறகு செரட்டோனினை விட்டு நுணுக்குக்காட்டியில் பார்த்தால் பச்சையாக மின்னும். மின்னியது. வெறும் உப்புத் தண்ணீர் விட்டாலும் மின்னியது! அப்புறம் செரட்டோனினுக்கு என்ன பெருமை? வெள்ளிக்கிழமை பணிப்பாளர் வருவார். உப்புத் தண்ணீருக்குக் கலங்கள் மின்னவில்லை என்று காட்டாவிட்டால் ஆராய்ச்சியை மூடுவார்கள், நானாவின் வேலையும் போகும்.

"லொறிதான் தங்கச்சி. ரோட்டு அதிருது, புள்ளைங்க பயந்து மின்னுதுங்க" என்றார் நானா, உதவிக்கு இருந்த என்னிடம். கலங்களைத்தான் 'புள்ளைங்க' என்பார்.

அதனால்தான் வீதியில் இறங்கி லொறியை நிறுத்தினார். ஓடிவந்து உப்புத் தண்ணீரை ஊற்றினார். அப்போதும் மின்னியது. வெளியே ஹார்ன் அலறியது. நான் அவர் கையைப் பார்த்தேன். தீயணைக்கிறவர் மாதிரி பீய்ச்சிக்கொண்டிருந்தார்.

"நானா, நீங்க ஊத்துற வேகத்துக்கு நானே மின்னுவேன்! கலத்தை இடிச்சுத் தள்ளினாலும் கல்சியம் ஏறும். ஓரமா, சொட்டுச் சொட்டா விடுங்க."

"சொட்டுச் சொட்டாவா? அதுக்குள்ள எனக்கு வயசு போயிரும்!"

"அப்ப குடுங்க, நான் விடுறேன்."

"வாணாம். என்ட புள்ளைங்க. நானே செய்றேன்."

லொறியை அனுப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார். வலது மணிக்கட்டை இடது கையால் பிடித்துக்கொண்டு, மூச்சை அடக்கி, பிஸ்மில்லாவைக்கூட மெல்லச் சொன்னார். உப்புத் தண்ணீர் இறங்கியது. நுணுக்குக்காட்டியின் திரை இருட்டாகவே இருந்தது. அதே பொறுமையோடு செரட்டோனினை விட்டார். ஒரு கலம் மின்னியது, பக்கத்துக் கலம் மின்னியது, பச்சை மெல்லப் பரவியது.

கத்தப்போகிறார் என்று காதைப் பொத்தினேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பணிப்பாளர் பார்த்தார், ஆராய்ச்சியை நீட்டித்தார். இப்போது ஆய்வுகூடப் பொறுப்பு என்னிடம். நானா விடுமுறை கேட்டால், அவர் சத்தம் இல்லாமல் இந்த இடம் வெறிச்சென்று ஆகிவிடும் என்று, கையெழுத்து வைப்பதை முடிந்தவரை தள்ளிப்போடுகிறேன்.